வாசகர் வட்ட ஆண்டறிக்கை: பேசாத ஓவியரைப் பற்றிப் பேசியவை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை வாயனசாலையில் (நூலகத்தில்) கூடும் நம் தமிழ் வாசகர் வட்டம் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தது. ஜூன் 19 வாசிப்பு நாளில் கேரள நூலக இயக்க முன்னோடி பி. என். பணிக்கர் நினைவாகச் சிறுவர்களுக்கு உரக்க வாசிக்கும் போட்டி வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஆண்டு முழுக்க அதிகம் பேசப்பட்ட நூலைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அலெக்ஸ் மைக்கேலிடிஸின் 'த சைலன்ட் பேஷன்ட்', 2019இல் வந்த நாவல். லண்டன் ஓவியர் அலிசியா தன் கணவனை ஐந்து முறை சுடுகிறார். பிறகு வாயே திறப்பதில்லை. தன்னையே வரைந்து, மூலையில் கிரேக்க எழுத்தில் 'அல்கெஸ்டிஸ்' என்று பெயரிட்ட ஓவியம்தான் அவர் தந்த ஒரே பதில். அவரைப் பேசவைக்கத் தியோ என்ற உளச்சிகிச்சையாளர் வருகிறார். நூலுக்குப் பலர் இன்னும் காத்திருப்பதால் முடிவை இங்கே எழுதவில்லை.

மர்மக் கதையைச் சேர்ந்து வாசிக்கும்போது, முதலில் முடித்தவர் ஒரு பெயரை உளறினால் போதும், மற்றவர்களுக்குக் கதை போய்விடும். ஆகவே பகுதி பகுதியாக நிறுத்தினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார்மேல் சந்தேகம், எந்த வரியால் என்று சீட்டில் எழுதி உறையில் ஒட்டி நூலகரிடம் கொடுத்தோம். கடைசிக் கூட்டத்தில்தான் பிரித்தோம். காரணம் எழுதச் சொன்னதால் வெறும் ஊகம் குறைந்து, வரிகளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்தது.

அப்படிப் பார்த்ததில் கிடைத்ததுதான் முக்கியமான கண்டுபிடிப்பு. அலிசியாவின் நாட்குறிப்புக்குத் தேதி உண்டு. தியோ சொல்லும் அத்தியாயங்களுக்குத் தேதி கிடையாது. நூலாசிரியர் வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று குறைப்பட்டவர்கள்கூட இதைக் காட்டியதும், தடயம் கண்முன்னேதான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். என் கருத்தும் அதுவே.

அலிசியாவின் ஓவியத்துக்குப் பெயர் தந்த 'அல்கெஸ்டிஸ்', யூரிப்பிடிஸ் எழுதிய கிரேக்க நாடகம்; கி.மு. 438இல் அரங்கேறியது. கணவனுக்காகத் தன் உயிரைக் கொடுத்த அல்கெஸ்டிஸ் மீண்டு வருகிறாள். ஆனால் மேடையில் பேசுவதில்லை. நம் சாவித்திரி எமனிடம் பேசிப் பேசியே கணவனை மீட்டவள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த மாலைதான் இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம். உயிரைக் கேட்டு வாங்கிக்கொண்ட கணவனிடம் திரும்பி வந்தவள் என்னதான் பேசுவாள் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அலிசியாவின் மௌனம் பலருக்கு அங்கேதான் புரிந்தது.

குறைகளும் சொல்லப்பட்டன. சிகிச்சையாளர் நோயாளியின் உறவினர் வீடுகளுக்குப் போய் விசாரிப்பது துப்பறிவாளர் வேலை என்றார்கள், செவிலியர் பணியில் இருப்பவர்கள். ஓவியம் தடயமாக வருகிறதே ஒழிய, வேலையாக வரவில்லை என்பது தூரிகை பிடிப்பவர்களின் வருத்தம். ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்ஸிஜனை ஏற்றுத்தான் இறுகும். மெல்லிய பூச்சுக்கே சில நாள் பிடிக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் கூடி மேற்பூச்சில் குறைந்தால் நாளடைவில் வெடிப்பு விடும். எண்ணெய் வண்ணத்தின் இந்தக் காத்திருப்பை ஓவியரின் மனநிலைக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்றார்கள். நியாயமான எதிர்பார்ப்பு.

உறை முறையை அடுத்த ஆண்டும் தொடரவும், மர்ம நூல் ஒன்றுக்குக் கூடுதல் படிகள் வாங்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. ஓரங்களில் பென்சிலால் மர்மத்தை உடைக்கும் பெயரை எழுதிய படி ஒன்று திரும்பி வந்துள்ளது. அதை அழித்த பிறகே அடுத்தவருக்குத் தரப்படும். அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்