மாப்பிள்ளைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை

அன்பு மகள் கயல்விழிக்கு,

உன் ரத்தப் பரிசோதனை அறிக்கை கிடைத்தது. ஹீமோகுளோபினின் ஒரு வகையான எச்பிஏ2 அளவு 5.2 விழுக்காடு என்றிருப்பதால் நீயும் என்னைப் போல் பீட்டா தலசீமியா கேரியர்தான்; அதாவது, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோய்க்கான பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவள். கேரியராக இருப்பது நோயன்று, லேசான சோகைக்கு மேல் உன்னை எதுவும் செய்யாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

தம்பிக்கு ஏன் இது இல்லை என்று கேட்டிருந்தாய். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்துக்குரிய மரபணு பதினோராவது குரோமோசோமில் இருக்கிறது. என்னிடமுள்ள அந்த இணையில் ஒன்று உன் தாத்தா தந்தது, மற்றொன்று பாட்டி தந்தது; கருமுட்டை உருவாகும்போது இரண்டும் அருகருகே வந்து துண்டுகளை மாற்றிக்கொள்வதால், ஒரு முட்டைக்குப் போவது பெரும்பாலும் இருவரும் கலந்த புதியதொரு குரோமோசோம். அந்த மரபணு இருக்கும் துண்டு உனக்குத் தாத்தாவிடமிருந்தும் அவனுக்குப் பாட்டியிடமிருந்தும் வந்துவிட்டது, அவ்வளவே.

மரபணுச் சிகிச்சைதான் வந்துவிட்டதே, மாப்பிள்ளையை எதற்குப் பரிசோதிக்க வேண்டும் என்கிறாய். உயிரியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கே அந்தச் சிகிச்சை பெருவியப்புத்தான். கருவிலுள்ள குழந்தை பீட்டாவுக்குப் பதிலாக அதைப் போன்ற காமா குளோபின் என்னும் புரதத்தைக் கொண்டு ஹீமோகுளோபின் செய்துகொள்கிறது. பிறந்த சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்னும் புரதம் காமா மரபணுவை அடக்கிவிடுகிறது. தலசீமியாக் குழந்தைகள் பிறக்கும்போது நன்றாக இருந்து பிறகு வெளுக்கத் தொடங்குவது இதனால்தான். அடக்கும் வேலை இந்தப் புரதத்தினுடையது என்று பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் குழு 2008-இல் காட்டியது. ஆனால் அது வேறு செல்களுக்கும் தேவைப்படுவதால் அதன் மரபணுவை அழிக்க முடியாது. ஆகவே, சிவப்பணுவாக வளரும் செல்களில் மட்டும் அதை முடுக்கிவிடும் சிறு பகுதியைக் கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் கருவியால் வெட்டுகிறார்கள். பழுதான பீட்டாவைத் தொடாமலே, உறங்கிய காமா விழித்துக்கொள்கிறது. காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், தலசீமியாவுக்கென 2024 ஜனவரியில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன.

ஆனால் நோயாளியிடமிருந்தே எடுத்துத் திருத்திய செல்களை ஏற்றுவதற்கு முன் பழைய எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்தாக வேண்டும். அம்மருந்து பிள்ளைப்பேற்றையே பாதிக்கலாம். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கென்றே ஒப்புதல் தந்தார்கள். அதுவரை சில வாரங்களுக்கொரு முறை ரத்தம் ஏற்றி, உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் கொடுத்து வளர்க்க வேண்டும். திருத்தம் மஜ்ஜையோடு நிற்பதால், குணமானவரின் பிள்ளைக்கும் பழைய பீட்டா மரபணுவே போகும். இத்தனையும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு மாற்றாகுமா?

அவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. முதல் குழந்தை நலமாகப் பிறந்ததால் அடுத்ததற்கு அது குறைந்துவிடாது. அப்படியிருந்தாலும் திருமணத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன், உன் அப்பாவையும் சொல்ல விடமாட்டேன். கருவுற்ற மூன்றாம் மாதத்திலேயே நஞ்சுக்கொடியின் திசுவை எடுத்துப் பார்க்க வழியிருக்கிறது; அதன் பின் என்ன செய்வதென்பது உங்கள் இருவரின் முடிவு. இப்போதைக்கு, எச்பிஏ2 பரிசோதனை செய்துகொள்ளும்படி மாப்பிள்ளையிடம் நீயே சொல். சங்கடமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு.

அன்புடன்,
அம்மா