சோங்யே கேடயம் பற்றி செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் கேடயத்தின் படமும் கிடைத்தன. வாங்கி ஹாலில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அது காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில், லோமாமி ஆற்றுப் பக்கம் வாழும் சோங்யே மக்களின் பாணி. பெயர்தான் கேடயம், ஈட்டியைத் தடுப்பது அதன் வேலை இல்லை. நடுவில் புடைத்து நிற்கிறதே ஒரு முகம், அதைத் தாங்கத்தான் அந்தப் பலகையே. கிஃப்வெபே முகமூடியின் முகம் அது. அந்த முகமூடி அணிந்து ஆடுகிறவர்கள் ஒரு ரகசியச் சங்கத்தார். அவர்கள் கூடும் வீட்டின் சுவரில் இப்படிப்பட்ட கேடயங்கள் தொங்கும் என்பார்கள். ஊர்த் தலைவர்களும் தங்கள் பிடியைத் தளரவிடாமலிருக்க அந்தச் சங்கத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார். முகம் முழுக்க வரிவரியாகச் செதுக்கியிருக்கும். கண்கள் பாதி மூடியிருக்கும். வாய் மட்டும் பெட்டி மாதிரி முன்னால் நீண்டிருக்கும். மூக்கிலிருந்து உச்சந்தலை வரை ஒரு மேடு எழும்பியிருந்தால் ஆண் முகம். மேடு உயர உயர சக்தியும் கூடுதலாம். மேடில்லாமல், பெரும்பாலும் வெள்ளையாக இருந்தால் பெண். ஆண் முகமூடி ஊரையே மிரட்டிக்கொண்டு திரியும், பெண் முகமூடி நிதானமாக ஆடும். எனக்கென்னவோ அந்த வெள்ளை முகம்தான் அதிகக் கிலி.

ப்ரஸ்ஸல்ஸை ஒட்டி டெர்வூரனில் இருக்கும் ஆப்பிரிக்க அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி போவேன். 1960 வரை காங்கோ பெல்ஜியத்தின் கையில் இருந்ததல்லவா, அள்ளிக்கொண்டு வந்த சாமான்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. பார்க்க ஆசையாகவும் இருக்கும், கூச்சமாகவும் இருக்கும்.

அப்புறம், வெளிநாட்டார் விரும்பி வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் விற்பதற்கென்றே செதுக்க ஆரம்பித்தார்கள். புகை காட்டி, மண் பூசிப் பழசாக்கித் தருவதும் உண்டு. பிழைப்புக்காகச் செதுக்கியவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழசு என்று சொல்லிப் பழசின் விலை கேட்டால், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எந்த வருஷம் என்று எழுத்தில் கேள். மழுப்பினால், அலங்காரப் பொருளுக்கு உண்டான விலையைக் கொடுத்து வாங்கிக்கொள். வேலைப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்தாயிற்றா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
ரகு