நுங்கு வண்டிக்கு ஓர் இடம்: பூங்கா அமைக்கும் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சிறுவர் பூங்காக்களை அமைத்தும் பராமரித்தும் வரும் நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

பூங்காவுக்கான மதிப்பீட்டில் நடைபாதை, ஊஞ்சல், சறுக்குமரம், மின்விளக்கு ஆகியவற்றுக்குப் பிறகு 'சிலைகள்' என்று ஒரு வரி வருவதுண்டு. அந்த வரிக்கு நேராக, தமிழகத்தின் எந்த ஊராக இருந்தாலும், பெரும்பாலும் கண்ணாடியிழையில் வார்த்த ஒட்டகச்சிவிங்கியோ சிமெண்ட் மானோ தொலைக்காட்சிப் பொம்மையோ வந்து நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியைப் பற்றி மட்டுமே இம்மடலில் எழுதுகிறேன். அடுத்து அமையவிருக்கும் பூங்கா ஒன்றிலாவது, இம்மண்ணின் கல்லையும் செடியையும் இங்குள்ள பிள்ளைகளின் விளையாட்டையும் கொண்டு பலவகைப் பொருள்களை இணைத்த ஒரு கலப்பு ஊடகச் சிற்பம் அமைக்க வேண்டும் என்பதும், அதன் செடிப்பகுதியை ஆண்டுதோறும் புதுப்பிப்பதற்கான செலவைத் தொடக்கத்திலேயே மதிப்பீட்டில் எழுதிவிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

உருவம் எதுவாகவும் இருக்கலாம். ஓவிய ஆசிரியன் என்ற முறையில் என் மனத்தில் இருப்பது நுங்கு வண்டி. நுங்கை எடுத்தபின் எஞ்சும் இரண்டு பனங்காய்க் கூடுகளை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவையுள்ள நீண்ட கொம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் அந்த வண்டியைக் கடையில் யாரும் வாங்கியதில்லை. அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். சக்கரங்கள் இரண்டும் கிரானைட்டில் அமையட்டும். ஊதாவும் சாம்பலும் அலையலையாய்க் கலந்தோடும் 'பாரடைசோ' என்ற கல் கிருஷ்ணகிரிப் பகுதியிலிருந்துதான் கடல் கடந்து போகிறது. அதை அறுத்து மெருகேற்றும் பட்டறைகளில் விளிம்புத் துண்டுகள் மிஞ்சுகின்றன. அத்துண்டுகளை அடுக்கிப் பொருத்தினால், வீடு கட்டுபவர் குறையென்று ஒதுக்கும் நிறவேறுபாடே இங்கு அழகாகிவிடும். ஒவ்வொரு சக்கரத்திலும் நுங்கின் மூன்று கண்களைப் போல மூன்று குழிகளைக் குடைந்து, கீழ்க்குழிகளில் ஒரு குழந்தை ஏறி உட்காரும்படி விளிம்புகளை மழுக்கிவிடலாம்.

தள்ளுகொம்பையும் கவையையும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் அமைத்து, அதன்மேல் உண்ணிச்செடித் தண்டுகளைச் சுற்ற வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கக் காடுகளில் புல்லை வளரவிடாமல் புதராய் மண்டியிருக்கும் அச்செடியை எப்படியும் வெட்டி அகற்றித்தான் ஆகவேண்டும். அதன் தண்டை வேகவைத்துத் தோலை உரித்தால் வேண்டியபடி வளைக்கலாம். நீலகிரியின் கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் இரும்புச் சட்டகத்தின்மேல் இத்தண்டுகளைப் பொருத்தி, உயிருள்ள யானைகளின் அளவிலேயே யானைகளைச் செய்தார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் கூட்டமாக நின்றன. யானைகள் நடமாடும் நம் மாவட்டத்திலும் கூடை முடையத் தெரிந்த கைகள் இருக்கின்றன.

இங்கே பொறியாளர்கள் எழுப்பக்கூடிய மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன்: தண்டு மழையில் உளுத்துப்போகும், கரையான் ஏறும், தணிக்கையில் யார் பதில் சொல்வது? கேள்வி நியாயமானது. ஆனால் கெடாதது என்று நம்பி வாங்கும் கண்ணாடியிழையும் வெயிலில் வெளுத்து, மேற்பூச்சு உரிந்து, உள்ளிருக்கும் இழை குழந்தையின் கையில் குத்தும் நிலைக்கு வந்துவிடுகிறது. அப்போது அதைச் செப்பனிட உள்ளூரில் ஆளும் இல்லை, மதிப்பீட்டில் பணமும் இல்லை. கெடும் என்று தெரிந்தே ஒன்றைச் செய்து, கெட்ட பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதும் அன்று. திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனனின் பேருருவை மண்ணைக் குழைத்துத் தரையில் கிடத்தி, வண்ணம் தீட்டி, படுகளம் முடிந்ததும் கலையவிடுகிறோம். அந்த மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு. அடுத்த விழாவுக்கு அவன் மறுபடி புதிதாய்ப் படுப்பான். ஒருநாளைக்காக இவ்வளவு உழைப்பா என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.

கலையுலகிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1938இல் வங்காளத்தின் சாந்திநிகேதனில் சிற்பி ராம்கிங்கர் பைஜ் சந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் சிலையைத் திறந்தவெளியில் செய்தபோது, வெண்கலத்துக்குக் காத்திராமல் சிமெண்ட்டையும் அந்த மண்ணின் செம்புராங்கல் சரளையையும் கலந்தே உருவாக்கினார். டேராடூனிலும் சாந்திநிகேதனிலும் மரஞ்செடிகளுக்கிடையே வளர்ந்த சிற்பி மிருணாளினி முகர்ஜி, சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகக் கட்டி ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களை எழுப்பினார். அந்தக் கயிற்று உருவங்கள் அருங்காட்சியக அறைகளுக்குள் காக்கப்படுகின்றன. நம்முடையது வெட்டவெளியில் நிற்கப்போவதால்தான் புதுப்பிக்கும் ஏற்பாட்டை வற்புறுத்துகிறேன்.

செய்முறையில் சிலவற்றை விட்டுவிடக் கூடாது. ஒன்றரை மீட்டர் குறுக்களவும் அரை மீட்டர் கனமும் உள்ள கிரானைட் சக்கரம், குழிகளைக் கழித்தாலும் இரண்டு டன் அளவுக்கு எடையிருக்கும். அதை வெறும் சிமெண்ட் பூச்சில் நிறுத்தாமல், அடித்தளக் கான்கிரீட்டில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இறக்கி, கல் துண்டுகளை ஒன்றோடொன்று ஊடுருவிப் பிணைக்க வேண்டும். அழகுக்காகச் செம்பு சேர்த்தால் அது இரும்பை நேரடியாகத் தொடக் கூடாது. தொட்டால் மழை ஈரத்தில் இரும்பு விரைவாக அரித்துப்போகும். தண்டுகள் தரையைத் தொடாமல் ஒரு முழமாவது மேலே நிற்க வேண்டும். அப்போது கரையானுக்கு எளிதில் பாதை அமையாது. சித்திரை வெயிலில் குழந்தையின் கைபடும் இடத்தில் வெற்று இரும்பு இருக்கக் கூடாது என்பதற்கும் இந்தச் சுற்றுதான் தீர்வு.

இன்னொன்று: திறப்பு விழாவுக்கு முந்தைய இரவில் கல்லுக்கு எனாமல் வண்ணம் அடிக்கும் ஆர்வத்தைத் தயவுசெய்து யாராவது தடுத்துவிடுங்கள். கல்வெட்டும் சிற்பத்தைவிடச் சிறியதாகவே இருக்கட்டும்.

சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர்களிடமும் நம் பகுதிக் கல்பட்டறைக் கலைஞர்களிடமும் மாதிரிகளைக் கேட்டுப் பெற்று, அவற்றை ஒரு வாரம் மன்ற அலுவலக வாசலில் வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் பார்த்துத் தங்கள் கருத்தைச் சொல்லட்டும். தேர்வாகும் சிற்பத்தின் ஒப்பந்தப்புள்ளியில் 'ஆண்டுதோறும் தைக்குப் பின் தண்டுகளை மாற்றிக் கட்டுதல்' என்ற வரியை, மாற்றுபவருக்கான கூலியோடு சேர்த்து எழுதுங்கள். அந்தக் கூலி காட்டோரக் குடும்பங்களின் கைக்குப் போகும்படி செய்வது உங்கள் தீர்மானம் ஒன்றில் முடியும். நுங்கு வண்டியே போதும் என்று முடிவானால், அளவுகளுடன் கூடிய வரைபடத்தை ஊதியமின்றி வரைந்து தருகிறேன்.

இங்ஙனம்,
ஓர் ஓவிய ஆசிரியர்,
காவேரிப்பட்டணம்.