'நாதியே' நமக்கா கடினம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஸ்பானிஷ் பாடத்தில், "'நோ வினோ நாடியே' என்று எதிர்மறையை இரண்டு முறை போடுவது தமிழர்களுக்குத் தலைசுற்றும்" என்று எழுதியிருந்தீர்கள். 'நோ' என்றால் 'இல்லை', 'நாடியே' என்றால் 'ஒருவருமில்லை', சேர்த்தால் 'யாரும் வரவில்லை'. பல வருட வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி மிகவும் வருத்தியது. "யாரும் வந்தார்கள்" என்று எந்தத் தமிழராவது சொல்வாரா? 'யாரும்' என்று தொடங்கினாலே 'வரவில்லை' தானாக வந்துவிடும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்குத்தான் தலைசுற்றும்.

நானே அப்படிப் படித்தவன்தான். மத்ரித்தின் லவாபியேஸ் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வெளியே போய்த் திரும்பிய முதலாளியம்மா யாராவது வந்தார்களா என்று கேட்டார். படித்த பாடத்தை நம்பி, 'யாராவது' என்பதற்கான 'அல்கியென்' சொல்லைப் போட்டு "நோ வினோ அல்கியென்" என்றேன். கையிலிருந்த காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல், "நாதியே. நோ வினோ நாதியே" என்று ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினார். 'யாரும் வரவில்லை' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் அந்தத் தப்பு வரவே இல்லை. 'நாதியே' முன்னால் வந்தால் 'நோ' விழுந்துவிடும், 'நாதியே வினோ' என்றாலே போதும். அது ஒன்றுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

'யாரையும் பார்க்கவில்லை' என்பதற்கு 'நோ வி நாடியே' என்று வேறு அச்சிட்டிருக்கிறீர்கள். 'நோ வி ஆ நாதியே' என்று இருக்க வேண்டும். பார்த்தது ஆளை என்றால் 'ஆ' வந்தாக வேண்டும். நாமும் 'புத்தகம் வாங்கினேன்' என்போம், ஆனால் 'அண்ணன் பார்த்தேன்' என்போமா? 'அண்ணனை' என்கிறோமே, அந்த 'ஐ'யின் வேலையைத்தான் அங்கே 'ஆ' செய்கிறது.

உச்சரிப்பைப் பற்றி முன்பே இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அது நாடி இல்லை ஐயா, 'நாதியற்றவன்' என்கிறோமே, அந்த நாதி. அப்படி நினைத்துக்கொண்டால் பொருளும் மறக்காது.

போன வருடம் 'அல்கியென்' பாடத்திலும் இதே கதைதான். 'பேசுகிற' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வடிவம்: தமிழ் பேசுகிற ஒருவரைத் தெரியும் என்றால் 'ஆப்லா', பேசுகிற யாராவது கிடைப்பார்களா என்று தேடினால் 'ஆப்லே'. 'யாரோ', 'யாராவது' என்று இரண்டு சொல் கையில் வைத்திருக்கும் நமக்கு, இதை விளக்க இரண்டு ஆங்கில வாக்கியம் எதற்கு? வீட்டில் விளக்கு எரியும்போது பக்கத்து வீட்டில் போய்த் தீப்பெட்டி கேட்பானேன்?

அடுத்த இதழில், விடுபட்ட அந்த 'ஆ'வையாவது சேர்த்துத் திருத்தம் போடுங்கள்.

தங்கள் வாசகன்,
திருச்சி.