அது கோல்தானே, மாப்ளே?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பள்ளியில் விளையாட்டு விழா வேலை தலைக்கு மேல் கிடந்ததால் உடனே எழுத முடியவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, இப்போது வாசல் வரை தானே நடந்து போகிறார். உன் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள் என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ அவளைத் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தது நேற்று மாதிரி இருக்கிறது.

சரி, கடிதத்தின் கடைசிப் பத்தியில் பழைய சண்டையைக் கிளப்பிவிட்டிருக்கிறாய். கோலுக்குள் போன பந்தைக் கையால் தடுத்த உருகுவே ஃபுட்பால் வீரன் சுவாரஸ், விதி கேட்ட விலையைக் கொடுத்துவிட்டான், அதற்கு மேல் அவனிடம் கேட்க என்ன இருக்கிறது என்கிறாய். 15 வருஷத்துக்கு மேலாக இதையேதான் சொல்கிறாய். இந்த முறை என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்று இருக்கிறது, பொறுமையாகப் படி.

2010 ஜூலை 2 ராத்திரி, உங்கள் வீட்டு மாடி. ஏழரை மணிக்கு நடந்த உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்திடம் 2-1 என்று பிரேசில் தோற்றிருந்தது. கீழே விழுந்து கிடந்த நெதர்லாந்தின் ராபனை பிரேசிலின் ஃபெலிப்பே மெலோ மிதித்து, சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். நம் தெருவே துக்க வீடு மாதிரி இருந்தது. அந்த அட்டையைப் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? மிதித்தான், போனான். அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு அடுத்த காலிறுதி, உருகுவே - கானா. கானாவின் முன்டாரி தூரத்திலிருந்து அடித்த கோல், அப்புறம் உருகுவேயின் ஃபோர்லான் ஃப்ரீ கிக்கில் அடித்த கோல். 1-1. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. ஜெயித்தால் உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போகும் முதல் ஆப்பிரிக்க அணி கானா. கடைசி நொடிகளில் உருகுவே கோல் வாசலில் ஒரே கூட்டம். முதல் அடி கோட்டில் நின்ற சுவாரஸின் காலில் பட்டுத் திரும்புகிறது. அடுத்து கானாவின் அடியா தலையால் முட்டுகிறார். சுவாரஸ் இரண்டு கையாலும் பந்தைத் தள்ளிவிடுகிறார். கோல்கீப்பர் முஸ்லேரா அந்த இடத்திலேயே இல்லை.

போர்ச்சுகல் ரெஃபரி பென்கெரென்சா விசில் ஊதினார், சிவப்பு அட்டை காட்டினார், பெனால்டி கொடுத்தார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை மாப்ளே. என்னை உறுத்துவதே அதுதான். ஐந்து நாள் முன்பு ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தும் கோல் கொடுக்கவில்லையே, அது ரெஃபரி கண்ணில் படாமல் போனது. அதற்கு வழி கண்டுபிடித்தார்கள், 2014 உலகக் கோப்பையில் கோல் கோட்டுக்குத் தொழில்நுட்பம் வந்தது. 2018-இல் வீடியோ ரெஃபரியும் வந்தாயிற்று. ஆனால் அந்த ராத்திரிக்கு நூறு கேமரா வைத்திருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. ரெஃபரி சரி, விதிப்புத்தகம் சரி, கானா மட்டும் வீட்டுக்குப் போனது. அந்தப் பெனால்டியில் கானாவின் கியான் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுப் பறந்தது. அழுதுகொண்டே வெளியேறிய சுவாரஸ் சுரங்கப்பாதை வாசலில் நின்று குதித்தார். பெனால்டி ஷூட் அவுட்டில் உருகுவே 4-2 என்று ஜெயித்தது.

அப்போது என்னால் கத்தத்தான் முடிந்தது. இப்போது எனக்கு வழி காட்டியது 2016-இல் திருத்திய விதி. முன்பெல்லாம் பெனால்டி பகுதிக்குள் கோல் வாய்ப்பைக் கெடுத்தால் பெனால்டி, சிவப்பு அட்டை, அடுத்த ஆட்டத்துக்குத் தடை என்று மூன்றும் சேர்ந்து விழும். ஒரு தவறுக்கு மூன்று அடி அதிகம் என்று மாற்றினார்கள். உண்மையிலேயே பந்தை எடுக்கப்போய் ஆளைச் சாய்த்தவனுக்கு இப்போது மஞ்சள் அட்டையோடு சரி. காரணம் என்ன? பெனால்டி கொடுத்ததுமே பறிபோன வாய்ப்பு திரும்பி வந்துவிடுகிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ரெஃபரிகள் இளகிப்போய்விட்டார்கள் என்று நீ சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஆனால் அதே கணக்கைக் கோட்டில் கையால் தடுத்தவனுக்கும் போட்டுப் பார். அடியா தலையால் முட்டியது வாய்ப்பா? அது கோல். கை மட்டும் குறுக்கே வராவிட்டால் பந்து வலைக்குள் இருந்திருக்கும். கோலைப் பறித்தவனிடமிருந்து வாய்ப்பை மட்டும் வாங்கிக் கொடுத்தால் கணக்கு எப்படி நேராகும்? சிவப்பு அட்டையால் கானாவுக்கு என்ன வந்தது? ஆட்டமே முடிந்துபோன நேரம். சுவாரஸ் அரையிறுதியில் ஆடவில்லை, நெதர்லாந்து 3-2 என்று உருகுவேயை வென்றது. லாபம் நெதர்லாந்துக்கு!

நான் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாஸ்கெட்பாலில் இதற்கு விடை இருக்கிறது. கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தடுப்பவன் தொட்டால், பந்து உள்ளே விழுந்ததாகவே புள்ளி. ரக்பியிலும் அப்படித்தான், அங்கே கோல் மாதிரியானது டிரை, தவறான ஆட்டத்தால் நின்றுபோன டிரையை ரெஃபரியே கொடுத்துவிடலாம். ஃபுட்பாலில் மட்டும் ஏன் கூடாது? யாரும் அடிக்காத கோலை ரெஃபரி எப்படிக் கொடுப்பார் என்று நீ கேட்பாய், தெரியும். சந்தேகம் இருந்தால் பெனால்டியே போதும். கோல்கீப்பர் இல்லாத இடத்தில், கோட்டின் மேல், வேண்டுமென்றே கை வைத்தால் மட்டும் கோல். அதை உறுதி செய்யத்தான் இப்போது வீடியோ இருக்கிறதே.

2022-இல் கத்தாரில் இரண்டு அணியும் மறுபடி மோதியபோது, மன்னிப்புக் கேட்கமாட்டேன், பெனால்டியைத் தவறவிட்டது நான் இல்லை என்று சுவாரஸ் சொன்னார். நீ சொல்வதும் அதுதான். தவறவிட்டவன் மேல் பழி போவதை என்னால் தாங்க முடியவில்லை மாப்ளே. கியானுக்கு அந்த நிலைமையே வந்திருக்கக் கூடாது.

இதெல்லாம் இப்போது பொங்கக் காரணம், போன சனிக்கிழமை விளையாட்டு விழாவில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடந்த ஆட்டம். விசில் என் கையில். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், செருப்புக்கூடப் போடாமல் ஆடுகிறவன், கார்னரில் வந்த பந்தை எம்பி முட்டினான். கோட்டில் நின்ற பெரிய பையன் கையை நீட்டித் தட்டிவிட்டான். "ஹேண்ட்! ஹேண்ட்!" என்று மைதானம் முழுக்கக் கத்தல். நான் அட்டையை எடுப்பதற்குள் அவனே தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தான். பெனால்டியை அந்தச் சின்னவனே அடித்தான். கீப்பர் பிடித்துவிட்டான். 0-0-வாகவே முடிந்தது.

ஆட்டம் முடிந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் நின்றான். நெற்றியில் பந்து பட்ட மண் வட்டமாக அப்படியே இருந்தது. "சார், அது கோல்தானே சார்?" என்றான்.

ஆமாம்டா, கோல்தான் என்றேன். அப்புறம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டான். விதியைச் சொன்னேன். தலையாட்டினான், ஆனால் நகரவில்லை. வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து சுருட்டினான்.

அவனுக்கு நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது. மேல்படிப்புக்கு என்ன யோசித்திருக்கிறாள் என்று மகளிடம் கேட்டு அதையும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்