குழாயடிக்கு வந்தவர்களுக்கு எங்கள் தெருவின் நன்றி

நேற்று சாயங்காலம் வடசென்னையில் எங்கள் கொருக்குப்பேட்டைத் தெருவின் கடைசிப் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டான். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து பிள்ளைகள் படுத்துவிட்டது எல்லோருக்கும் தெரியும், மறுபடி விவரமாகச் சொல்லத் தெம்பில்லை. நன்றியைச் சொல்லாவிட்டால் மட்டும் தூக்கம் வராது.

ராப்பகல் பார்க்காமல் பள்ளம் தோண்டிக் குழாயை மாற்றிய தொழிலாளர்கள், லாரித் தண்ணீரைச் சந்து வரைக்கும் கொண்டுவந்த டிரைவர் அண்ணன்கள், முகம் சுளிக்காத நர்ஸ் அக்காக்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கொடுத்த பக்கத்துத் தெருப் பெண்கள், எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறோம்.

அப்புறம் அந்தக் கல்லூரிப் பெண். யாரும் கூப்பிடவில்லை. விடியுமுன், தண்ணீர் விடுகிற நேரத்துக்கே வந்து நின்றாள். ஒருவர் டிடிஎஸ் மீட்டரை நீட்டி, "கம்மியாத்தானே காட்டுது" என்றார். "அது உப்பைத்தான் அளக்கும் அண்ணா, கிருமியைக் காட்டாது" என்றாள். குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கிருமியைக் கொல்லும் குளோரின் தண்ணீரில் இருந்தால் மஞ்சளாகும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது வேண்டுமாம். நிறம் மாறவே இல்லை. தண்ணீர் நின்றதும் காலியான குழாய் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் முதலில் வருவதைப் பிடிக்காதீர்கள் என்று ஒவ்வொரு குடத்தின் பக்கத்திலும் நின்று சொன்னாள்.

போகும்போது அந்தக் குப்பியும் மருந்தும் இருந்த பெட்டியை இட்லிக்கடை அக்கா கையில் கொடுத்தாள். "நீங்கதானே முதல்ல எழுந்திருக்கிறீங்க, நீங்களே பாருங்க." அக்கா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. இப்போது கடைச் சுவரில் தினமும் சாக்பீஸால் குறித்து வைக்கிறார். புதுக்குழாய்த் தண்ணீரில் முதன்முதலாக மஞ்சள் தெரிந்த காலையில் அழுதேவிட்டார்.

கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீரையே ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள், ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் ஆலை அது என்பதும் அவள் சொல்லித்தான் எங்களில் பலருக்குத் தெரியும். குப்பைமேடு என்றே அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். கழிவுநீரை அந்த அளவுக்குத் தேற்றத் தெரிந்த ஊரில், குடிதண்ணீரைப் பார்க்க ஒரு சொட்டு மருந்து ஒவ்வொரு தெருவிலும் இருந்தே ஆக வேண்டும். பக்கத்துத் தெருக்களுக்கும் நாங்களே கற்றுக்கொடுக்கப் போகிறோம்.

தங்கச்சி, மருந்து தீர்ந்தால் வாங்கத் தெருவே சேர்ந்து காசு போட்டிருக்கிறோம். பரீட்சை முடிந்ததும் ஒரு நாள் வா. அக்கா உன்னிடம் காசு வாங்க மாட்டாராம்.