இடைவேளைக்குக் கொடுத்தனுப்பும் வாழைப்பழம் குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

முற்பகல் இடைவேளைக்குப் பொட்டலத் தின்பண்டங்களைத் தவிர்த்துப் பழம் கொடுத்தனுப்புமாறு பள்ளி கேட்டுக்கொண்டதை ஏற்று, உங்களில் பலரும் வாழைப்பழம் கொடுத்தனுப்புகிறீர்கள், நன்றி. ஆயினும், திங்கட்கிழமை விரும்பி உண்ணப்படும் அதே பழம், வார இறுதி நெருங்கும்போது தோல் கறுத்துக் குழைந்து, உரிக்கப்படாமலேயே குப்பைக்கூடைக்குச் செல்வதை வகுப்பாசிரியர்கள் கவனித்துள்ளனர். ஞாயிற்றுக்கிழமை வாங்கும் சீப்பு வெள்ளிவரை தாங்குவதற்குச் செய்யக்கூடியவற்றைத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

தாரை வெட்டிய பின்னரும் வாழைக்காய் தொடர்ந்து பழுக்கும். பழுக்கத் தொடங்கியதும் அது எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயு அருகிலுள்ள காய்களையும் விரைந்து பழுக்கச் செய்கிறது. காயை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்கவைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம், இவ்வாயுவை வெளியேறவிடாமல் அடைத்து வைப்பதுதான். பழம் நாள்பட இருக்க வேண்டுமானால் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வாங்கி வந்த நெகிழிப் பையிலிருந்து உடனே எடுத்து, வெயிலும் அடுப்பின் சூடும் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், கடைகளில் தாரைக் கட்டித் தொங்கவிடுவதைப் போலச் சீப்பையும் ஒரு கொக்கியில் தொங்கவிடுங்கள். அடிப்பக்கம் அழுந்திக் கன்றிப்போகாமல் இருக்கும். மாம்பழம், பப்பாளி, தக்காளி ஆகியவற்றுடன் ஒரே கூடையில் வைக்க வேண்டாம். காம்பை மட்டும் நெகிழித்தாளால் சுற்றிவைக்கும் முறையைச் சிலர் பரிந்துரைக்கின்றனர்; பழம் முழுவதிலும் வாயு உருவாவதால் அதில் பெரும் பயன் இருக்கும் என்று நான் கருதவில்லை.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தனர். காயாகவோ செங்காயாகவோ இருக்கும்போது வைக்கக் கூடாது. ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே வாழைக்குக் குளிர்ச்சியால் ஊறு நேர்கிறது; அவ்வாறு ஊறுபட்ட காய், பின்னர் வெளியே எடுத்து வைத்தாலும் சரியாகப் பழுக்காது. நன்கு பழுத்த பின் வைத்தால் தோல் கறுக்குமே தவிர, உள்ளே சதை மேலும் சில நாட்கள் உண்ணத் தக்கதாகவே இருக்கும். தோலின் கறுப்பைக் கண்டே குழந்தைகள் பழத்தை ஒதுக்கிவிடுவதால், அத்தகைய பழத்தை ஒருமுறை அவர்கள் எதிரில் உரித்துக் காட்டுங்கள். சதை கசிந்து புளித்த வாடை வீசினாலோ பூஞ்சணம் பிடித்திருந்தாலோ மட்டும் எறிந்துவிடுங்கள்.

வாங்கும்போதே பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் தேர்ந்தெடுப்பது நல்லது. ரஸ்தாளி சுவையில் உயர்ந்ததாயினும், கனிந்ததும் சீப்பிலிருந்து உதிர்ந்துவிடும். வாரம் முழுவதற்குமாக வாங்குவோருக்குப் பூவனே ஏற்றது.

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பழத்தை உரிக்காமலும் நறுக்காமலும், காம்பு பிய்ந்து தோல் கிழிந்துவிடாதபடி கத்தியால் அறுத்தெடுத்து, மூடியுள்ள டப்பாவில் வைத்து, புத்தகங்களுக்கு அடியில் சிக்காமல் பையின் மேற்புறத்தில் வையுங்கள். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறிய பழமாகக் கொடுத்தனுப்பினால் போதும்; பெரிய பழத்தைப் பாதியிலேயே வைத்துவிடுகின்றனர். வீட்டில் மிகவும் கனிந்துவிட்ட பழத்தைக் கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து பணியாரமாகச் சுட்டுத் தந்தால், அதையும் இடைவேளைக்குக் கொடுத்தனுப்பலாம்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்